ரேமோவின் மூச்சுக் குறி

மடியில் விரித்திருந்த துவாய் நிறைய அழிறப்பர்த் தூள். மூன்று நாளாகச் சேர்ந்தது. தேவாலயத்தின் பேஸ்மென்றில், சுவரோடு ஒட்டிய மேசையில், நான் இசைத் தாள்களில் இருந்த பென்சில் குறிகளை அழித்துக்கொண்டிருந்தேன். ஹீற்றர் குழாய் உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போலத் தட்டிக்கொண்டிருந்தது. வைகாசி பிறந்தும் அந்தக் கட்டடத்தை விட்டுக் குளிர் போகவில்லை.

ஒரு தாளை அழிப்பேன், தூளை ஊதுவேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வலப்பக்கம் வைப்பேன். அடுத்ததை எடுப்பேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. மனம் முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்றது.

அப்படி எடுத்த ஒரு தாளின் மேல் மூலையில் ஒரு குண்டு மனிதன் நின்றான். பென்சிலால் கீறியது. தொப்பை, தொப்பி, கையில் தன்னைவிடப் பெரிய கொன்றபாஸ் வாத்தியம். அழிறப்பரை அவனுடைய தொப்பிமேல் வைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டேன். வைத்த கை அப்படியே நின்றுபோனது.

இந்தக் குண்டனைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். அவனைக் கீறியவர் செத்து அறுபது வருடத்துக்கு மேல். அவருடைய கையெழுத்து இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே இடம் பதின்மூன்று இசைத் தாள்கட்டுகள். அவற்றில் பன்னிரண்டை நான் என் கையாலேயே அழித்து முடித்திருந்தேன்.

எழுந்து நின்றேன். துவாயில் இருந்த தூள் முழுதும் தரையில் கொட்டியது. அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட மனம் வராமல், வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் ஏறாத கொண்டக்டர்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், ரொறொன்ரோவில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் லிப்ட் ஓடாத நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, விட்பியில் இருந்து ஒரு வாசகி தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "எப்ப பாத்தாலும் அழுகைக் கதைதானோ அன்ரி?" என்றார். இந்த வாரம் சிரிப்புக் கதை எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன். அவர் மன்னிக்க வேண்டும். வைகாசி வந்தால் எனக்குச் சிரிப்புக் கதை வராது.

ஆனாலும் தொடக்கத்தில் கொஞ்சம் சிரிப்பு இருக்கத்தான் செய்கிறது.

நான் அந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்தது கூட்டித் துடைக்க. ஊரில் நில அளவைக் கந்தோரில் வரைபடங்களைப் படியெடுக்கும் வேலை பார்த்தவள். கனடாவில் அந்தக் கைக்கு அகப்பட்டது மொப். ஒருநாள் யாரோ பின்கதவைத் திறந்துவிட, காற்று உள்ளே வந்து மேசையில் இருந்த இசைத் தாள்களை மண்டபம் முழுக்க இறைத்துவிட்டது. தாள்களுக்குச் சொந்தக்காரரான வெள்ளைத் தலைக் கிழவர் நடுவில் நின்று இத்தாலிய மொழியில் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு இசை தெரியாது. ஆனால் ஒரே கை எழுதிய கோடுகளை ஒன்றாகச் சேர்க்கத் தெரியும். ஒரு மணித்தியாலத்துக்குள் அடுக்கிக் கொடுத்தேன். ஒரு தாள்கூட இடம் மாறவில்லை.

கிழவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நீர் என்ன வாத்தியம் வாசிக்கிறனீர்?"

"மொப்" என்றேன்.

தேவாலயத்தில் ஒத்திகை பார்க்கும் ஓர் இசைக்குழுவுக்கு அவர் கொண்டக்டர், முன்னால் நின்று கோலசைத்து நடத்துபவர். அடுத்த கிழமையில் இருந்து நான் அந்த இசைக்குழுவின் தாள்களுக்குப் பொறுப்பு. என் பெயர் தவமணி. அவர் "தவா" என்று நிறுத்திக்கொண்டார். பாதி ஆங்கிலத்திலும் பாதி இத்தாலிய மொழியிலும்தான் பேசுவார். இங்கே அவரை எங்கள் தமிழில் பேசவிட்டிருக்கிறேன். என் நினைவில் அவர் அப்படித்தான் பேசுகிறார், நான் என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து இவரிடம், "ஒரு கொண்டக்டருக்குக் கீழ வேலை" என்றபோது, "எந்த பஸ்ஸில?" என்று கேட்டார். என் கணவருக்கு அன்றைக்கு நகைச்சுவை இருந்தது. அந்த 2009 வைகாசியோடு அது போய்விட்டது.

மற்றவனுக்கு வந்த காய்ச்சல்

எல்லோரும் அவரை மயெஸ்த்ரோ, அதாவது ஆசான், என்றே அழைத்தார்கள். சொந்தப் பெயர் சில்வானோ. பெரிய புகழ் பெற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரே அப்படி நினைத்ததில்லை. இல்லை, நினைத்தார், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

வட இத்தாலியில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர். தகப்பன் முடி வெட்டுபவர். அண்ணன் ரேமோ செலோ வாசிப்பான், ஊரில் இருபது பேரைச் சேர்த்து ஒரு தந்தி வாத்தியக் குழு நடத்தினான். தம்பி சில்வானோ அதில் கடைசி வரிசையில் வயோலாவைப் பிடித்துக்கொண்டிருந்தவர். "பிடிச்சுக்கொண்டிருந்தனான். வாசிச்சது எண்டு சொல்லேலாது" என்பார்.

உலகப் போர் முடிகிற கட்டம். சண்டை ஓய்ந்ததும் ஊரில் வாசிக்க வேண்டும் என்று ரேமோ ஓர் இசைத் துண்டைத் தயார்செய்தான். அவர்களுடைய தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த ஒருவர் எழுதியது. அச்சில் வராதது. மையால் படியெடுத்த தாள்களின்மேல், எங்கே மெதுவாக, எங்கே ஓங்கி, எங்கே மூச்சு விட என்று ரேமோ பென்சிலால் குறித்தான். சண்டை முடிய மூன்று நாள் இருக்கையில், ஆற்றுக்கு அக்கரை போய்விட்டுச் சைக்கிளில் திரும்பிவந்தவனைப் பாலத்தில் சுட்டுவிட்டார்கள். ஏன் போனான் என்று மயெஸ்த்ரோ அந்த வைகாசி வரைக்கும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று தெரியும்.

ஊர் மக்கள் தம்பியைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். அப்படித்தான் அவர் கொண்டக்டர் ஆனார். பிறகு படித்தார். ஒபரா மண்டபங்களில் உதவியாளராக இருந்தார். ஒரு பெரிய நகரத்தில் ஒருநாள் தலைமைக் கொண்டக்டருக்குக் கடும் காய்ச்சல். ஒத்திகை இல்லாமல் இவர் ஏறி நடத்தினார். பத்திரிகை புகழ்ந்தது. அடுத்த நாள் அந்த மனிதருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

"என்ர வாழ்க்கையில எனக்குக் கிடைச்சது ஒரேயொரு காய்ச்சல், தவா. அதுவும் மற்றவனுக்கு வந்தது."

கப்பலேறி ரொறொன்ரோ வந்தார். பகலில் குளியலறைகளுக்கு ரைல்ஸ் பதித்தார். பின்னேரங்களில் ரைல்ஸ் பதிப்பவர்கள், தாதிமார், பள்ளிக்கூட ரீச்சர்மார் என்று திரட்டி ஒரு குழு அமைத்தார். நாற்பது வருடம் அதையே நடத்தினார். முழங்கால் தேய்ந்தது ரைல்ஸால், காது மங்கியது வயதால். நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணும் போய்க்கொண்டிருந்தது. சட்டைப்பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். ஒத்திகை நடுவில் களைத்தால் நகத்தால் கீறி மணப்பார். கெட்ட கோபக்காரர். பென்சிலை முறித்து எறிந்துவிட்டு, பென்சில் எங்கே என்று என்னையே கேட்பார்.

ஒவ்வொரு வருடமும் கடைசி நிகழ்ச்சியில் அண்ணனுடைய அந்தத் துண்டு இருக்கும். ஊரில் இருந்து பெட்டியில் கொண்டுவந்த அதே தாள்களில், அதே பென்சில் குறிகளைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள். அந்த வருட ஆனியோடு தான் ஓய்வதாகச் சொல்லிவிட்டார். அதுதான் கடைசித் தடவை.

நீல உறைகள்

இங்கே தொழில் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இசைக்குழுக்கள் பெரும்பாலும் தாள்களை வாடகைக்கு எடுக்கும். வந்த தாளில் வாசிப்பவர்கள் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு குறி இல்லாமல் அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அது என் வேலை. அழிப்பதில் நான் கெட்டிக்காரி. படியெடுப்பவர் கை அழிக்கவும் பழகிய கை. தாள் நோகாமல், மை மங்காமல், பென்சிலை மட்டும் எடுத்துவிடுவேன். என்னிடம் இருந்து போன தாள்களைப் பார்த்து, புதிதா என்று கேட்டவர்கள் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பங்குனியில் அந்தப் பழைய பெட்டியின் பூட்டு உடைந்து, உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தது. நான்தான், யாரும் கேட்காமலே, ரேமோவின் தாள்களை எடுத்துத் துடைத்து நீல உறைகளில் போட்டேன். வாடகைத் தாள்களுக்கும் அதே நீல உறைதான். பெயர் எழுதி ஒட்டவில்லை. எனக்குத் தெரியாதா என்ன என்ற நினைப்பு.

அந்த மூன்று நாளில் எனக்குத் தெரியவில்லை. வாடகைக் கட்டு முடிந்து கை அடுத்த உறைக்குப் போனது. உறையில் நீலம். உள்ளே பென்சில். கை அழித்தது. பழைய தாளின் மஞ்சள் நிறம்கூட என் கண்ணில் படவில்லை என்றால் நம்புவீர்களா? நான் நம்பாமல் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன்.

பின்னால ஆக்கள் நிக்கினம்

அந்த நாட்களில் எங்கள் கட்டடத்தில் எந்தக் கதவைத் தாண்டினாலும் உள்ளே ரீவிச் சத்தம் கேட்கும். லிப்டில் ஏறுபவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சண்டையை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகள் கொடியோடு நெடுஞ்சாலையில் ஏறி நின்றார்கள். கிழவிகள் சக்கர நாற்காலியில் போய்ப் பெரிய வீதியின் ஓரத்தில் இருந்தார்கள். இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்து, மங்கலான படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தேடியது என் தம்பியை.

தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். வன்னியில் லொறி ஓட்டியவன். கலியாணம் கட்டவில்லை. மாசியில் ஒருநாள் யாருடையதோ சற்றலைற் போனில் வரிசையில் நின்று எடுத்தான். "அக்கா, சுகமா இருக்கிறன். நீ அழாத. பிறகு எடுக்கிறன், பின்னால ஆக்கள் நிக்கினம்." அவ்வளவுதான். பின்னால் நின்றவர்களுக்காகச் சீக்கிரம் வைத்துவிட்டான். அவனுடைய குணம் அது. கடையிலும் அப்படித்தான், தன் முறை வந்தாலும் மற்றவரை விடுவான். அந்தக் குணத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. நான் அவனுடைய பெயரைச் சொல்வதை விட்டேன். சொன்னால் ஏதோ முடிந்துவிடும் என்று பயம். வீட்டில் "அவன்" என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

ஒரு பின்னேரம் இவர் ஒரு படிவத்தோடு வந்தார்.

"கோயில் மண்டபத்தில பேர் வாசிச்சு விளக்குக் கொளுத்தப்போகினமாம். இல்லாமப் போன ஆக்களின்ர பேரைக் குடுக்கச் சொல்லினம்."

"எங்களிட்ட அப்பிடிக் குடுக்கிறதுக்கு ஆரும் இல்லை."

"இல்லையப்பா, மூண்டு மாசமா..."

"நீங்கள் அதை எழுதினா நான் இந்த வீட்டில இருக்க மாட்டன்."

இவர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதற்குப் பிறகு எந்தச் சட்டையை மாற்றினாலும் அதையும் மாற்றி வைத்துக்கொண்டார். நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

அடுத்த நாள்தான், ரீவியில் இருந்து தப்பி ஓடுவதற்காக, கார்ல்ரன் வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரைப் பிடித்துத் தேவாலயத்துக்குப் போய் அழிக்கத் தொடங்கினேன்.

பொய்க் கை

குண்டனைக் கண்ட பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்கிறேன்.

பென்சில் போனாலும் தாளில் தடம் இருக்கும். ரேமோ அழுத்தி எழுதுபவன். அழித்த தாளை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் மெல்லிய பள்ளங்கள் தெரிந்தன. மயெஸ்த்ரோவுக்குக் கண் தெரியாது. மற்றவர்களுக்கு ரேமோவையே தெரியாது. பென்சிலை மழுங்கத் தீட்டிக்கொண்டு முதல் வயலின் தாளில் தொடங்கினேன். பள்ளத்தின்மேலே பள்ளத்தைத் தொட்டுத் தொட்டு இரண்டு பக்கம் முடித்தேன்.

எடுத்துப் பார்த்தேன். அச்சு அசல் அவனுடைய கை. ஒரு மனிதன் அறுபது வருடத்துக்கு முன்னால் எழுதியதை நான் பத்து நிமிடத்தில் எழுதியிருந்தேன். எனக்குச் சந்தோசம் வரவில்லை. உடம்பு கூசியது. நாளைக்கு யாராவது என் தம்பியின் குரலில் போன் எடுத்து, சுகமாக இருக்கிறேன் அக்கா என்றால் நான் என்ன செய்வேன் என்று தோன்றியது. பென்சிலை வைத்துவிட்டேன்.

ஆனாலும் அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. ஒத்திகைக்கு நாலு நாள் இருந்தது. தாள்களை விரிக்கும்போது எப்படியும் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஸ்ரீட்காரில் போகும்போது முடிவெடுப்பேன். இறங்கும்போது அந்த முடிவு இருக்காது.

மூன்றாம் நாள் காலை எல்லாம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். கொழும்பு வீதிகளில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுப்பதை ரீவியில் காட்டினார்கள். இவர் எழுந்து போய் ரீவியின் வயரைச் சுவரில் இருந்து பிடுங்கினார். பிறகு அந்த வயரைக் கையில் வைத்துக்கொண்டே கதிரையில் இருந்தார்.

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கே போவது?

பாலத்துக்கு அங்கால

மயெஸ்த்ரோ தனியாக, மேடை ஓரத்தில் கதிரை போட்டு இருந்தார்.

"மயெஸ்த்ரோ, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்."

"என்ன, வாடகைத் தாளைக் கிழிச்சுப்போட்டீரோ?"

"உங்கட அண்ணையின்ர தாளுகளை அழிச்சுப்போட்டன்."

எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோன கை நடுவழியில் நின்றது.

"எல்லாத்தையுமோ?"

"கொன்றபாஸ் மட்டும் மிச்சம்."

கத்துவார் என்று நினைத்தேன். பென்சிலைத் தேடுவார், எறிவார் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"வெளியில போம்" என்றார்.

வெளிப் படிக்கட்டில் போய் இருந்தேன். மூன்று ஸ்ரீட்கார்கள் போயின. வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை. நாலாவது வருமுன் உள்ளேயிருந்து "தவா" என்று கேட்டது.

"கொன்றபாஸ் தாளைக் கொண்டுவாரும். ரெண்டாம் பக்கத்தில, நடுவில, ஒரு மூச்சுக் குறி கிடக்கோ பாரும்."

ஐந்து கோடுகளுக்கும் மேலே, காற்புள்ளி போல, ஒரு சின்ன வளைவு இருந்தது.

"ஓம், இருக்கு."

"வடிவாப் பாரும்."

"இருக்கு மயெஸ்த்ரோ."

அவர் தாளை வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"அந்த இடத்தில எல்லாரும் ஒருக்கா நிண்டு மூச்சு விடவேணும் எண்டு அண்ணைக்குக் கடைசியாத்தான் தோன்றினது. மற்றத் தாள் எல்லாத்திலயும் வீட்டில வச்சே அந்தக் குறியைப் போட்டிட்டான். கொன்றபாஸ் தாள் ஆத்துக்கு அங்கால, அதை வாசிச்ச அந்தக் குண்டன் வீட்டில இருந்தது. நாளைக்குப் போகலாமே எண்டு அம்மா சொன்னவ. ஒரு சின்னக் கோடுதானே, அஞ்சு நிமிசம் எண்டு சைக்கிளை எடுத்தவன். போய்ப் போட்டிட்டான். வரேக்கதான் பாலத்தில நிண்டவங்கள் சுட்டவங்கள். தோத்து ஓடுற ஆமி. மூண்டு நாளால சண்டை முடிஞ்சு, ஊரில மணி அடிச்சு, சனம் றோட்டில ஆடினது. அம்மா யன்னலைச் சாத்தினவ."

"எங்கட சண்டையும் இண்டைக்கு முடிஞ்சுதாம்" என்றேன்.

"ஆர் ஆடுகினம்?"

"மற்றாக்கள்."

எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிக்கொண்டே கேட்டார். "உம்மட தம்பி?"

"தெரியாது."

தலையை ஆட்டினார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக நான் அவருக்கு நன்றியாக இருக்கிறேன்.

பிறகு வயலின் தாளில் நான் செய்த பொய் வேலையையும் சொன்னேன்.

"அழியும்" என்றார். "இஞ்ச, எனக்கு முன்னால."

அழித்தேன். அழிறப்பர் தாளில் உரசும் சத்தத்தை, தலையைச் சரித்து, கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பள்ளங்களும் போயின.

"குறியளைத் திருப்பிப் போடட்டோ? என்ர கையெழுத்திலயே போடுறன்."

"வேண்டாம். வேற ஆற்றையும் கையெழுத்தில அது வேண்டாம். கொன்றபாஸ் தாளை மட்டும் அப்பிடியே ஹென்றியிட்டக் குடும்."

ஹென்றி எங்கள் குழுவில் கொன்றபாஸ் வாசிப்பவர். பகலில் ஸ்ரீட்கார் ஓட்டுபவர்.

ஒத்திகை அன்றைக்கு ஹென்றிக்கு வேலை. அவர் வரவில்லை. மற்றவர்கள் வெறும் தாள்களை வைத்து வாசித்தார்கள். மூச்சு விடும் இடத்தில் மயெஸ்த்ரோ கையை நிறுத்திக் காட்டினார். நடுங்கும் கை, நின்றதா நடுங்கியதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடந்து ஓடினார்கள். மறுபடியும் காட்டினார். மறுபடியும் ஓடினார்கள். பாவம், அவர்களில் பாதிப் பேர் அந்த வருடம் சேர்ந்தவர்கள்.

மயெஸ்த்ரோ கையை இறக்கிவிட்டார். "ஓடட்டும்" என்றார். இடைவேளையில் என்னருகே வந்து நின்று, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். "இவ்வளவு காலமும் அது என்ர கையில இருக்கு எண்டு நினைச்சிட்டன், தவா. தாளிலதான் இருந்திருக்கு."

என் வாழ்க்கையில் நான் பட்ட ஏச்சுகளில் அதைவிடப் பெரிய ஏச்சு கிடையாது. அவர் ஏசுவதாக நினைத்துச் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்

ஆனி மாதம். தேவாலயத்தில் எழுபது பேர் வரையில் இருந்தார்கள். காற்றாடிகள் சுழன்றன. இவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வீட்டில் தனியே விட எனக்குப் பயமாக இருந்தது. மேடையோரம், தாள்காரிக்கு என்று போட்ட வாங்கில் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். நாலாக மடித்த படிவம் அவருடைய சட்டைப்பையில் துருத்திக்கொண்டு நின்றது.

எனக்கு இசை விளங்காது என்று முன்பே சொன்னேன். அத்தனை வருடம் வேலை செய்தும் அது பின்னால் ஓடும் தண்ணீர்ச் சத்தம் போலத்தான். ஆனால் அந்தத் துண்டில் அந்த இடம் எப்போது வரும் என்று தாளைப் பார்த்துப் பழகியிருந்தேன். விரலை மடித்து மடித்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தது.

வயலின்கள் நிற்கவில்லை. செலோக்கள் நிற்கவில்லை. ஆனால் கீழே ஏதோ போய்விட்டது. நடந்து போகும்போது ஒரு படி இல்லாமல் போனால் கால் எப்படித் திடுக்கிடும், அப்படி. ஹென்றி மட்டும் வில்லைத் தூக்கியிருந்தார். அவருடைய தாளில் குறி இருந்தது. தாளில் இருந்ததை அவர் செய்தார்.

தெரியாதவர்கள் அவர் பிழை விட்டார் என்று நினைத்திருப்பார்கள். தொங்கிக்கொண்டிருந்த மயெஸ்த்ரோவின் இடக்கை எழுந்து ஹென்றியின் பக்கம் திரும்பி விரிந்தது. மற்ற எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, அந்த ஒரு மூச்சு நேரம் அவர்கள் இரண்டு பேரும், இல்லை, மூன்று பேரும் நின்றார்கள்.

"சிறி" என்றேன்.

தம்பியின் பெயரை வாய்விட்டுத்தான் சொல்லிவிட்டேன். நாலு மாதத்துக்குப் பிறகு. ஹென்றியின் வில் திரும்பக் கம்பியில் இறங்குவதற்குள் சொல்லி முடிந்துவிட்டது. சின்னப் பெயர்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

மயெஸ்த்ரோ அதற்குப் பிறகு கோலைத் தொடவில்லை. இரண்டு மாரி கழித்துப் போய்ச் சேர்ந்தார். கொன்றபாஸ் தாளை என்னிடம் கொடுக்கும்படி எழுதி வைத்திருந்தார். இப்போது பிக்கரிங்கில், மகன் வீட்டில், என் அலுமாரியில் இருக்கிறது. குண்டனுடைய தொப்பியில் பாதி இல்லை. அது நான் அழித்தது. சிறியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. முகாம்களின் பட்டியல்களிலும் இல்லை, பிறகு வந்தவர்களில் அவனைக் கண்டவர்களும் இல்லை.

அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்து கார்ல்ரன் ஸ்ரீட்காரில் திரும்பினோம். வெயில் இன்னும் இருந்தது.

"அந்தப் படிவத்தில சிறியின்ர பேரை எழுதுவம்" என்றேன்.

இவர் அதை எடுத்து, மடிப்புகளை நீவி, முழங்காலில் விரித்தார். மடித்த இடங்கள் கிழியத் தொடங்கியிருந்தன. பேனை தேடி எல்லாப் பையையும் தடவினார். இல்லை. நான் என் கைப்பையைத் திறந்தேன். ஏழெட்டுப் பென்சில்கள் கிடந்தன.

"உதில ஒண்டைத் தாரும்" என்றார்.

"பென்சில் வேண்டாம்" என்றேன். "வீட்ட போய்ப் பேனையால எழுதுவம்."